வீட்டுத் தோட்டம்: வெட்டினால் தழையாத மரம்

அட்டனிலிருந்து மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். நத்தார் வாழ்த்து அட்டைகளிலே பனியைச் சுமந்துகொண்டு கோபுரம்போல் நிற்கும் மரம் எது, அதனை நம் மலைநாட்டு வீட்டு முற்றத்தில் வளர்க்க இயலுமா என்பது அவருடைய கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் அந்த மரத்தோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஆகவே இந்த வாரப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கனடாவிலும் நோர்வேயிலும் ஜேர்மனியிலும் பிள்ளைகள் குடியிருக்கும் பெற்றோர்கள் இதனைக் கத்தரித்து அனுப்பிவைத்தால் அங்கே பயன்படும்.

அட்டையில் உள்ளது பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் மரம். முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. அத்தனையும் பூமியின் வடபாதியில், குளிர் மிகுந்த இடங்களில் வளர்வன. நமக்கு அண்மையில் உள்ளவை இமயமலைச் சாரலிலே நிற்கின்றன. நுவரெலியாவின் குளிர் நமக்குக் குளிர். ஸ்புரூசுக்கு அது இளவேனில். இம்மரத்தின் மொட்டுக்கள் பல மாதங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தாலன்றி ஒழுங்காகத் துளிர்க்கமாட்டா. ஆதலால், தம்பி, உமது முற்றத்தில் இதனை நட்டு ஏமாற வேண்டாம். சைப்பிரஸ் கன்றொன்றை நடும். மலைநாட்டுச் சுவாத்தியத்தை அது நன்கு ஏற்கும்.

எனினும் மரத்தை அடையாளங் காணத் தெரிந்திருப்பது நல்லது. உங்கள் பக்கத்து மலைகளிலே பைனஸ் காடுகள் உண்டல்லவா? அதன் ஊசியிலைகள் பெரும்பாலும் மும்மூன்றாக ஒரு கட்டிலே சேர்ந்திருக்கும். ஸ்புரூசின் ஊசிகள் அவ்வாறல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே கிளையைச் சுற்றி நிற்கும். ஓர் ஊசியைப் பறித்து இரு விரல்களுக்கிடையே உருட்டினால் உருளும். ஏனெனில் அது பெரும்பாலான இனங்களில் நான்கு பட்டையுள்ளது. இதனோடு பலரும் குழப்பிக்கொள்ளும் ஃபிர் மரத்தின் ஊசி தட்டையானது, உருளாது. ஸ்புரூசின் ஊசி உதிர்ந்த இடத்தில் சிறு முளை ஒன்று எஞ்சிநிற்பதால், வெறுங்கிளையைத் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். அதன் காய்கள் கீழ்நோக்கித் தொங்கும். ஃபிர் மரத்தின் காய்களோ குத்துவிளக்குத் திரிபோல் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும்.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

என் தமக்கையார் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோ பகுதியில் வசிக்கிறார். 1999ஆம் ஆண்டு அவர்கள் அங்கே வீடு வாங்கினார்கள். மறு வருட இளவேனிலிலே அத்தான் நாற்றுமேடையொன்றிலிருந்து மூன்றடி உயரமான நீல ஸ்புரூஸ் கன்றைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, முன் யன்னலுக்கு நாலடி தள்ளி நட்டார். ஊரிலே நாம் செவ்வரத்தை வைக்கும் இடம் அது. உள்ளேயிருந்து தேநீர் அருந்தும்போது மரம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே அவருடைய விருப்பம். மூன்றடிக் கன்றைப் பார்த்து, அது ஐம்பதடி மரமாகும் என்று எண்ண எவருக்குத்தான் மனம் வரும்?

நீல ஸ்புரூஸ் வட அமெரிக்காவின் றொக்கி மலைத்தொடருக்கு உரியது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, வறண்ட காற்றில், ஓடைக்கரைகளை அண்டி வளர்வது. கொலராடோ மாநிலம் 1939ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மரமாக ஏற்றுக்கொண்டது. அந்த நீலம் இலையின் நிறமன்று. ஊசியின்மேல் விபூதிபோற் படிந்திருக்கும் மெழுகின் நிறம். விரலால் அழுத்தித் தேய்த்தால் அடியிலே பச்சை தெரியும். மழையிலும் வெயிலிலும் மெழுகு தேய்ந்துவிடுவதால் புதுத் துளிர் நீலமாகவும் பழைய ஊசிகள் பச்சையாகவும் காணப்படும். இதனை அறியாமல் எண்ணெய் கலந்த பூச்சி மருந்தைத் தெளித்துவிட்டு, மரம் நிறம் மாறிவிட்டதே என்று வருந்துவோர் பலர். விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளுட் சில என்றும் பச்சையாகவே இருந்துவிடும். ஆதலால் நீலம் வேண்டுவோர் கடையிலே கன்றைக் கண்ணாற் கண்டு தெரிவுசெய்தல் வேண்டும்.

அத்தான் 2014ஆம் ஆண்டு காலமானார். அதற்குப் பின் 2016 ஆனி மாதத்தில் நான் முதன்முறையாக அங்கே போனேன். மரம் அப்போது கூரையை எட்டிக்கொண்டிருந்தது. யன்னலின் முக்காற்பங்கை அதன் கிளைகள் மறைத்துவிட்டன. காற்றடிக்கும் இரவுகளில் கண்ணாடியை அவை பிறாண்டும் ஓசை கேட்டு அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவார். “நீ மரஞ்செடி தெரிந்தவள்; கொஞ்சம் வெட்டி விடு” என்றார். பத்திரிகையில் எழுதுகிறவள் என்ற பெருமை எனக்கும் இருந்தது. ஒரு காலைப்பொழுதிலே வாளையும் பெரிய கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு, யன்னற் பக்கத்துக் கிளைகளை ஊசியில்லாத உள்மரம் தெரியும்வரை ஒட்ட நறுக்கிவிட்டேன். அக்கா சற்றே திகைத்து நின்றார். “பயப்படாதேயுங்கோ, மூன்று மாதத்தில் குழை தள்ளும்” என்று சொன்னேன்.

யாழ்ப்பாணத்து வேலியோடு வளர்ந்தவர்களின் கை அப்படிப் பழகிவிட்டது. கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் வருடந்தோறும் மொட்டையாகத் தறிப்போம். குழை தோட்டத்துக்கும் வயலுக்கும் பசளையாகும், தடி கதியாலாகும், அடுத்த மழைக்கே வேலி பழையபடி பச்சையாகிவிடும். முருங்கையைச் சொல்லவே வேண்டியதில்லை. முறிந்து விழுந்த கிளைகூடக் கிடந்த இடத்திலே துளிர்க்கும். வெட்ட வெட்டத் தழைப்பதுதான் மரத்தின் இயல்பு என்று நாம் நம்பியிருக்கிறோம்.

ஸ்புரூஸ் அந்தச் சாதியன்று. அதன் மொட்டுக்கள் ஊசிகள் பசுமையாய் நிற்கும் இளங்கிளைகளிலேதான் உண்டு. ஊசி உதிர்ந்து பழுத்துப்போன உள்மரத்திலே உறங்கும் மொட்டுக்கள் அநேகமாக இல்லை. பசுமை உள்ள எல்லைக்குள் வெட்டினால், எஞ்சிய மொட்டுக்கள் துளிர்த்து அந்த இடம் அடர்த்தியாகும். அதனைத் தாண்டி ஓர் அங்குலம் உள்ளே வெட்டினாலும் அக்கிளை அதன்பின் வெறும் தடிதான். கீழ்க்கிளை ஒன்றை இழந்தால் அவ்விடத்தில் வேறொன்று வாராது. ஆகவே இம்மரத்தைக் கத்தரிக்க விரும்புவோர் இளவேனில் கழிந்து புதுத் துளிர் மென்மையாய் இருக்கும்போது, அத்துளிரின் பாதியை மாத்திரம் கிள்ளிவிடுதல் வேண்டும். கிள்ளுதல் என்று எழுதியிருக்கிறேன்; தறித்தல் என்று வாசிக்க வேண்டாம். உச்சியை வெட்டிக் குட்டையாக்க நினைப்பதோ முற்றிலும் தவறு. உச்சியிழந்த மரம் இரண்டு மூன்று தலைகளை எழுப்பும். அவற்றின் கவட்டிலே பனிப்பாரம் ஏறி என்றாவது ஒருநாள் பிளக்கும்.

இங்கே ஒரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். கதியாலாக நட்டால் வேர்விடாத இம்மரம், காட்டிலே தன் தாழ்ந்த கிளை பனிப்பாரத்தால் மண்ணிற் புதைந்து கிடக்குமாயின் அவ்விடத்திலே மெல்ல வேர்விட்டுக்கொள்ளும். நாம் மல்லிகைக்குப் பதிவைப்பதை அது தானே செய்துகொள்கிறது. சுவீடன் நாட்டின் டாலர்னா மாகாணத்து மலையொன்றிலே 2004ஆம் ஆண்டில் லீஃப் குல்மன் என்னும் ஆராய்ச்சியாளர் கண்ட நோர்வே ஸ்புரூஸ் ஒன்றின் வேர்த்தொகுதிக்கு ஏறக்குறைய 9,550 வயது என்று கணித்திருக்கிறார்கள். மேலே தெரியும் தண்டு அவ்வளவு பழையதன்று. ஒன்று பட்டுப்போக மற்றொன்றாய் அதே வேரிலிருந்து எழுந்து நிற்பது. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் நிதானம். என் அக்காவின் யன்னலுக்கு அது உதவவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. மூன்று வருடமும் கழிந்தது. குழை தள்ளவில்லை. அக்கா தொலைபேசியில் அதைப்பற்றி ஒருபோதும் பேசியதில்லை, நானும் கேட்கவில்லை. 2023 ஆவணியில் மறுபடி போனபோது கண்ணாலே கண்டேன். வீதியிலிருந்து பார்த்தால் அழகிய மரம். வீட்டுக்குள் இருந்து பார்த்தால், பிசின் வெள்ளையாய்க் காய்ந்து வழிந்த முளைகள் மான்கொம்புகள்போல் நீட்டிக்கொண்டிருந்தன. அத்தான் தேநீர் அருந்திக்கொண்டு பார்க்க விரும்பிய பக்கம் அது.

அதைவிட வேறொரு கவலையும் காத்திருந்தது. நான் வெட்டாத பக்கங்களிலும் கீழ்க்கிளைகள் ஊதாவும் மண்ணிறமுமாக மாறி ஊசிகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. நோய் கீழேயிருந்து மேலே, தண்டை அண்டிய உட்புறத்திலிருந்து வெளியே ஏறுவது தெரிந்தது. என் வாளின் வேலைதான் இதுவும் என்று நான் எண்ணினேன். அக்காவின் மகன், என் பெறாமகன், அப்படிச் சொல்லவில்லை. “சின்னம்மா, எப்படியும் இதை எடுத்துவிட வேண்டும்” என்று மாத்திரம் சொன்னான். அக்கா, “அவர் வைத்த மரம், நான் இருக்கும்வரை நிற்கட்டும்” என்றார்.

பெறாமகனைக் குறை கூறவும் இயலாது. கூரைப் பீலியை ஊசிகள் அடைத்துவிடுகின்றன. சுவருக்கும் மரத்துக்கும் இடையே காற்றில்லாமல் சுவர் ஈரம் பிடிக்கிறது. இம்மரத்தின் வேர்கள் ஆழமாக இறங்குவனவல்ல. பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள்ளேயே கிளைகளையும் தாண்டிப் பரந்து கிடக்கும். 2022 மே 21ஆந் திகதி தென் ஒன்ராறியோவைத் தாக்கிய பெரும் புயலிலே வேரோடு சாய்ந்த மரங்களை அவன் கண்ணாற் கண்டவன். தாயின் படுக்கையறை மரத்துக்கு நேரே மேலே இருக்கிறது.

அனுமதி பெற்ற மரவல்லுநர் ஒருவரை அழைத்தோம். அவர் மண்ணிறமான ஊசியொன்றைப் பறித்து உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் தந்தார். ஊசியின் நீளத்துக்கு, வரிசை பிசகாமல் கரும்புள்ளிகள். ஊசி உதிர்க்கும் பங்கசு நோய் இது. ஊசியின் சுவாசத் துவாரங்கள் வரிசையாக இருப்பதால், அவற்றின் வழியே தலைநீட்டும் பங்கசும் வரிசையாகவே தோன்றுகிறது. இளவேனில் மழையில் மென்துளிரைப் பற்றும். அடுத்த வருடந்தான் அந்த ஊசி நிறம் மாறி உதிரும். எனவே இன்று நாம் காண்பது சென்ற வருடத்து நோய். மூன்று நான்கு வருடம் தொடர்ந்து ஊசியை இழந்த கிளை இறந்துவிடும். வறண்ட மலைக்காற்றுக்குரிய நீல ஸ்புரூஸ் ஈரலிப்பான கோடைகாலமுள்ள நாடுகளிலே இந்நோய்க்கு இலகுவில் இரையாகிறது. அத்தோடு சுவரை ஒட்டி நெருக்கமாய் நின்றால் மழைக்குப் பின் கிளை உலர வழியில்லை. நான் வெட்டியதற்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்று அவர் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், ஆறுதலாய் இருந்தது. வெட்டிய கிளைகள் வெட்டியபடி நின்றன என்பது வேறு விடயம்.

கீழ்க்கிளைகள் காய்வதற்கு மற்றொரு பங்கசும் காரணமாகலாம். அதற்கு அடையாளம், கிளையின்மேல் வெள்ளைப் பிசின் வழிந்து உறைந்திருத்தலும் அக்கிளை முழுதாய் ஒரேயடியாகப் பட்டுப்போதலும் ஆகும். அதற்கு மருந்தில்லை. மழையற்ற உலர்ந்த நாளிலே நோயுற்ற கிளையைத் தண்டோடு சேரும் கழுத்திலே அறுத்து அப்புறப்படுத்துவதொன்றே வழி. ஊசி உதிர்க்கும் நோய்க்குத் துளிர் பாதி நீண்டபோது ஒருமுறையும் சில வாரங்கள் கழித்து மறுமுறையும் பங்கசு மருந்து தெளிப்பார்கள். ஓரிரு வருடம் தொடர வேண்டும். ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தோட்டங்களிலே அழகுக்காக இரசாயனப் பீடைகொல்லிகள் பயன்படுத்துவதற்குச் சட்டத் தடை உண்டு. கடையில் கிடைத்ததை வாங்கித் தெளிக்காமல், எது அனுமதிக்கப்பட்டது என்று கேட்டறிதல் அவசியம்.

மரவல்லுநர் போகுமுன் தண்டை அளந்தார். ரொறன்ரோ மாநகரிலே நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள மரத்தை, அது உமது சொந்த வளவில் நின்றாலும், நகரசபையின் அனுமதியின்றி வெட்டலாகாது. எங்கள் மரம் 27 சென்ரிமீற்றர். அனுமதி வேண்டியதில்லை, தீர்மானம் வீட்டாருடையது. சட்டம் தடுத்திருந்தால் தாயும் மகனும் சேர்ந்து சட்டத்தைக் குறை கூறிக்கொண்டு இருந்திருப்பார்கள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒருவரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அக்காவே ஒரு முடிவு சொன்னார். காய்ந்த கிளைகளை எடுத்துவிட்டு இரண்டு வருடம் பார்ப்பது. அதற்குள் பின்வளவிலே இன்னொரு கன்றை வைப்பது. “இந்தமுறை இடம் பார்த்து வை” என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இடத்திலிருந்து தொடங்குகிறேன். நீல ஸ்புரூஸ் தோட்டத்தில் ஐம்பது அறுபதடி உயரும். அடியிலே பதினைந்து தொடக்கம் இருபதடி அகலும். கன்றை நடுமுன், பத்தடிக் கயிறொன்றை எடுத்து, நடும் குழியிலே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் சுவர், வேலி, நடைபாதை, மின்கம்பி எதுவும் வரலாகாது; சுவருக்கு இன்னும் ஐந்தடி விட்டால் நல்லது. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மழைக்குப் பின் நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. பனிக்காலத்தில் உப்புத் தூவும் பெருந்தெருவின் ஓரமும் நல்லதன்று. இனத்தையும் யோசிக்க வேண்டும். கிழக்குக் கனடாவிலே ஊசி உதிர்க்கும் நோயை நோர்வே ஸ்புரூஸ் நன்கு தாங்கும். அந்நாட்டுக்கே உரிய வெள்ளை ஸ்புரூஸ் நீலத்தைவிட மேல். நாங்கள் வெள்ளை ஸ்புரூசையே வாங்கினோம்.

நடுவதற்கு உகந்தது மண்ணிளகிய இளவேனிலின் தொடக்கம். அல்லது ஆவணி இறுதி முதல் புரட்டாதி முடிவதற்குள். குழி, வேர்மண் உருண்டையைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலமாயிருக்கட்டும். ஆழம் மாத்திரம் அவ்வுருண்டைக்கு மேற்பட வேண்டாம். தென்னம்பிள்ளைக்கு ஆழக் குழி வெட்டிய பழக்கம் இங்கே கெடுதல். தண்டு விரிந்து வேராகும் இடம் மண்மட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிந்தால் சரியாக நட்டிருக்கிறீர்கள் என்று பொருள். வேரைச் சுற்றிய சாக்கையும் கம்பிக் கூடையையும் இயன்றமட்டும் அகற்றுக. நைலோன் கயிறு ஒரு சுற்றேனும் எஞ்சலாகாது. சாடியில் வளர்ந்த கன்றாயின் வட்டமாய்ச் சுற்றிக்கொண்ட வேர்களை வெட்டி நேராக்குக. தோண்டிய மண்ணையே திரும்ப இடுக. குழிக்குள் பசளை வேண்டாம். மேலே மரப்பட்டைத் தூளையோ உதிர்ந்த ஊசிகளையோ மூன்று அங்குலக் கனத்துக்கு மூடுபடையாகப் பரப்பலாம். ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். தொட்டால் பட்டை அழுகும், எலியும் கறிக்கும்.

தண்ணீர்தான் எல்லாவற்றினும் பெரியது. அதிலேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். குளிர் தேசத்து மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று கோடைகளிலும், மழையில்லாத கிழமைதோறும் ஒருமுறை, குழாயை மெல்லத் திறந்துவிட்டு மண் ஓரடி நனையும்வரை பாய்ச்ச வேண்டும். தினமும் இலையில் தெளிப்பதால் பயனில்லை. ஈர ஊசி நோயைத்தான் அழைக்கும். ஐப்பசி, கார்த்திகையிலும், நிலம் உறையும்வரை நீர் கொடுக்க வேண்டும். ஏனெனில் இம்மரம் பனிக்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வதில்லை. மாசி மாதத்து வெயிலிலும் காற்றிலும் ஊசிகள் நீரை இழந்துகொண்டேயிருக்கும். வேரோ உறைந்த மண்ணிலிருந்து ஒரு துளியையும் உறிஞ்ச இயலாது. பனிக்கு நடுவே தாகத்தால் கருகுவது என்பது நமக்குப் புதுமையாகத் தோன்றும். ஆனால் வைகாசியிலே செம்மண்ணிறமாய் நிற்கும் பல கன்றுகளுக்கு நடந்தது அதுதான்.

வறட்சியால் மெலிந்த மரத்தின் நிலையை ஐரோப்பா பெருங்கணக்கிலே கண்டது. ஜேர்மனியிலே 2018ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பின், பட்டைவண்டு பெருகி ஹார்ஸ் மலைகளின் ஸ்புரூஸ் காடுகளைச் சாம்பல்நிறமாக்கியது. நீருண்ட மரம், வண்டு துளைக்கும்போது பிசினைச் சுரந்து அதனை மூழ்கடித்துவிடும். தாகமுற்ற மரத்துக்குப் பிசின் சுரக்க வலுவில்லை.

பூச்சிகளுள் வீட்டார் தாமே கண்டுபிடிக்கக்கூடியது சிற்றுண்ணி. ஊசிகள் மங்கித் தூசிபடிந்ததுபோல் தோன்றினால், கிளைக்கு அடியிலே வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். மிளகுத்தூள்போல் விழுந்தது நகர்ந்தால் அதுதான். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலுமே இது அதிகம். குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாற் பெரும்பாலும் அடங்கும். இனி, உச்சித் துளிர் கோடையிலே கைத்தடியின் பிடிபோல் வளைந்து வாடினால் உள்ளே கூன்வண்டின் புழு இருக்கிறது. அந்த உச்சியைப் புழு இல்லாத இடம்வரை வெட்டி எரித்துவிட்டு, அடுத்த வட்டத்துப் பக்கக்கிளைகளுள் வலியதொன்றை மெல்ல நிமிர்த்தி ஒரு தடியோடு கட்டுக. இரண்டு வருடத்தில் அதுவே புதிய உச்சியாகிவிடும். இம்மரம் நமக்குச் செய்யும் சலுகை அது ஒன்றுதான்.

வளவு சிறியதாயின் பெரிய ஸ்புரூசை மறந்துவிடுக. கனடாவின் அல்பேட்டாவிலே 1904ஆம் ஆண்டு கண்டெடுத்த குள்ள வெள்ளை ஸ்புரூஸ் ஒன்று உண்டு. வருடத்துக்கு இரண்டு மூன்று அங்குலமே வளரும். வாயிலின் இருபுறமும் சாடியிலே வைக்கலாம். சில வேளை அதில் ஒரு கிளை மட்டும் தன் பழைய குலத்தை நினைத்து முரட்டுத்தனமாய் நீளும். அதனை உடனே அடியோடு நீக்காவிட்டால் குள்ளமரம் மறைந்து பெருமரம் எழுந்துவிடும்.

முன்மரம் இரண்டு வருடம் நின்றது. 2024ஆம் ஆண்டின் இளவேனில் மழை மிகுந்திருந்ததாகப் பெறாமகன் எழுதினான். நோய் மேலும் இரண்டு வட்டம் ஏறியது. 2025 புரட்டாதியில் அக்காவே நாள் குறித்து ஆட்களை அழைப்பித்தார். அக்காவின் பேத்தி கர்நாடக வயலின் பயில்கிறாள். வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் மரத்தாலானது என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்தவள். அப்பப்பாவின் மரத்தில் ஒரு வயலின் செய்யலாமா என்று என்னிடம் வினவினாள். இயலாது என்று எழுத வேண்டியிருந்தது. வயலின் மரம் மலைக்குளிரிலே மிக மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருங்கி, கணுவில்லாமல் இருத்தல் வேண்டும். வடஇத்தாலியின் ஃபியம்மே பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. நல்ல மண்ணும் குழாய்நீரும் பெற்ற தோட்டமரத்தின் வளையங்கள் அகலமானவை. ஆயினும் அடித்தண்டிலிருந்து ஒரு வட்டத்துண்டை அறுத்து வைத்திருக்கிறார்கள். வளையங்களை அவள் எண்ணிப் பார்த்து, தன் தந்தை பள்ளிக்கூடம் போன வருடம் எது, தான் பிறந்த வருடம் எது என்று பென்சிலால் குறித்திருக்கிறாள்.

பின்வளவுக் கன்று இப்போது நாலடி. பனிக்கு முன் அதற்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று சென்ற கிழமை தொலைபேசியிலே கேட்டேன். “நான் நாளும் பார்க்கிறேன், நீ வரும்போது கத்தரிக்கோலைக் கொண்டுவராதே” என்றார் அக்கா. ஒன்பது வருடத்தில் அந்த வெட்டைப்பற்றி அவர் வாய்திறந்தது அன்றுதான். முன் யன்னலுக்கு வெளிச்சம் வந்துவிட்டதாம். கறிவேப்பிலைச் சாடியை அங்கே நகர்த்தி வைத்திருக்கிறாராம்.

அடுத்த வாரம், மாதுளம்பிஞ்சு உதிர்வதைப்பற்றிச் சாவகச்சேரி வாசகிக்குப் பதில்.